வாசகர் கேள்வி பதில்: பழஞ்சொல்லும் பழங்கதையும்

பழைய மொழிகள், புராணக் கதைகள், மனித மனம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆராயும் முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மலையகத்தின் பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

ஐயா, கொரிய நாடகங்களில் "அம்மா", "அப்பா" என்ற சொற்கள் அப்படியே வருகின்றன. கொரிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று என் மாமா உறுதியாகச் சொல்கிறார். வகுப்பில் நான் அதைச் சொன்னபோது ஆசிரியர் மறுத்துவிட்டார். யார் சொல்வது சரி?
– உயர்தர மாணவி, ஹட்டன்

உங்கள் ஆசிரியர் சொன்னதே சரி. ஆனால் மாமா கவனித்த ஒற்றுமை உண்மையானது. அது எதனால் ஏற்பட்டது என்பதில்தான் அவர் அவசரப்பட்டுவிட்டார்.

இரு மொழிகளில் ஒரே மாதிரியான சொல் இருந்தால், அதற்கு நான்கு காரணங்களுள் ஒன்று இருக்கலாம். இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து வந்திருக்கலாம். ஒன்று மற்றதிடம் கடன் வாங்கியிருக்கலாம். நாம் பேசும் கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்தும், அலுமாரியும் அன்னாசியும் போர்த்துக்கேயரிடமிருந்தும் வந்தவை என்பதால், நாமும் அவர்களும் ஒரே குடும்பத்தவர் ஆகிவிடுவதில்லை. மூன்றாவது காரணம் தற்செயல். அவுஸ்திரேலியப் பழங்குடி மொழிகளுள் ஒன்றான ம்பபரத்தில் நாய்க்குப் பெயர் "டோக்". ஆங்கிலச் சொல்லும் அதுவே, பொருளும் அதுவே. ஆயினும் இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நான்காவது காரணம் மனித உடலின் அமைப்பு. குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் உதடுகளை மூடித் திறந்து உண்டாகும் மகரமும் பகரமுமே என்றும், அந்த ஒலிகளைத் தங்களை அழைப்பதாகப் பெற்றோர் எடுத்துக்கொள்வதால் உலகெங்கும் இத்தகைய சொற்கள் தனித்தனியே தோன்றுகின்றன என்றும் மொழியியலாளர் ரோமன் யாகொப்சன் விளக்கினார். ஜோர்ஜிய மொழியில் "மாமா" என்றால் தகப்பன், "தேதா" என்றால் தாய் என்பதைப் பார்க்கும்போது, ஒலிகளைக் குழந்தை தருகிறது, பொருளை வீட்டார் வைக்கிறார்கள் என்பது விளங்கும்.

அப்படியானால் மொழி உறவை எப்படி நிறுவுவது? ஒத்திருக்கும் சொற்களைவிட, ஒழுங்காக வேறுபடும் சொற்களே வலிமையான சான்று. தமிழில் பால், பத்து, புலி, பல் என்பவை கன்னடத்தில் ஹாலு, ஹத்து, ஹுலி, ஹல்லு என்று வருகின்றன. நம் சொல் பகரத்தில் தொடங்கும்போது அவர்கள் சொல் ஹகரத்தில் தொடங்குகிறது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் இச்சொற்கள் பகரத்தோடே காணப்படுகின்றன. செவி அங்கே கிவி ஆகிறது. இத்தகைய ஒழுங்கு தற்செயலால் வராது. 1816இல் பிரான்சிஸ் வைட் எல்லிஸும், 1856இல் இன்னும் விரிவாக ரொபர்ட் கால்டுவெல்லும் திராவிட மொழிக் குடும்பத்தை இந்த வகைச் சான்றுகளைக் கொண்டே நிறுவினார்கள். உயிரியலாளர்கள் உயிரினங்களின் வம்சாவளியைக் கணிக்கப் பயன்படுத்தும் கணினி முறைகளை இருபது திராவிட மொழிகளின் சொற்களில் பயன்படுத்திய ஓர் ஆய்வு, இக்குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள் என்று 2018இல் மதிப்பிட்டது. கொரிய மொழிக்கும் தமிழுக்கும் இடையே இத்தகைய ஒழுங்கை யாரும் இதுவரை நிறுவிக் காட்டவில்லை.

மாமாவிடம் இதைச் சொல்லும்போது அவருடைய மனம் நோக வேண்டாம். பெரிய அறிஞர்களும் இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் ஹென்றி மோர்கன் உலகின் உறவுமுறைப் பெயர்களைத் திரட்டி 1871இல் வெளியிட்டார். தகப்பனின் சகோதரரை அப்பா என்றும், தாயின் சகோதரியை அம்மா என்றும் அழைத்து, தாய்மாமனுக்கும் அத்தைக்கும் மட்டும் வேறு பெயர் வைக்கும் நம் முறை, அமெரிக்காவின் இரொக்குவா மக்களிடமும் இருப்பதைக் கண்டு வியந்தார். அம்மக்கள் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு இதையே சான்றாகவும் காட்டினார். யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்ற விதிகள் ஒத்திருந்தால், உறவே இல்லாத சமூகங்களிலும் இம்முறை தானாக உருவாகக்கூடும் என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. மோர்கன் கண்ட ஒற்றுமை மெய்யானது. அதை அவர் வம்சாவளிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

என் தாயார் எழுபது வயதைத் தாண்டியவர். "மேப்பக்கத்து அடுப்பு", "பணியப் பக்கம் இருக்கிற டப்பா" என்றுதான் சொல்வாரே தவிர, இடது வலது என்று சொல்லமாட்டார். கொழும்பில் வேலை செய்யும் என் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். இது படிப்பறிவு இல்லாததன் விளைவா?
– ஒரு வாசகி, நோர்வூட்

இல்லை. உங்கள் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பாட்டியின் பேச்சைக் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

மெக்சிக்கோவின் தெனெஹாப்பா மலைப்பகுதியில் செல்தால் மொழி பேசும் மாயா மக்கள், மேசைமீது இருக்கும் இரண்டு பொருள்களைக்கூட "மேட்டுப் பக்கம் இருப்பது", "பள்ளப் பக்கம் இருப்பது" என்றே பிரித்துச் சொல்கிறார்கள். பெனலப்பி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இருவரும் 1990களில் அங்கே ஆய்வு செய்தார்கள். சில பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டி, பார்த்தவரை எதிர்த்திசைக்குத் திருப்பி, அதே வரிசையை மீண்டும் அடுக்கச் சொல்வது அவர்கள் செய்த சோதனைகளுள் ஒன்று. நம்மில் பலர் நம் இடது வலதைப் பிடித்துக்கொண்டு அடுக்குவோம். அம்மக்கள் மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு அடுக்கினார்கள். மொழி மனத்தை இவ்வாறு பழக்குகிறதா, அல்லது சோதனை நடக்கும் இடமே விடையைத் தீர்மானிக்கிறதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. தமிழர்களும் இவ்வாய்வுகளில் இடம்பெற்றிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எரிக் பெடர்சன் செய்த ஆய்வில், நகரத்துத் தமிழர் இடம் வலத்தையும் கிராமத்துத் தமிழர் வடக்குத் தெற்கையும் கொண்டு பொருள்களின் இடத்தைச் சொன்னார்கள். மொழி ஒன்றாக இருந்தும் இடத்தைக் குறிக்கும் முறை இரண்டாக இருந்தது.

நம் மலையகத்தில் மூன்றாவது முறை ஒன்று இருக்கிறது. மேட்டு லயம், பணிய லயம் என்று வீடுகளையே சரிவைக் கொண்டு அடையாளம் சொல்லி வளர்ந்த ஒருவர், அடுப்பங்கரைக்குள்ளும் அந்தச் சரிவைக் கொண்டுவருவது இயல்பானது.

இதைவிடப் பழைய செய்தி ஒன்று நம் திசைப் பெயர்களுக்குள் இருக்கிறது. மேற்கு என்பது மேல் என்பதிலிருந்தும், கிழக்கு என்பது கீழ் என்பதிலிருந்தும் வந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்க, நிலம் கிழக்குக் கடலை நோக்கிச் சரியும் நாட்டில் பிறந்த பெயர்கள் அவை. மலைக்கு அப்பால் கேரளத்தில் நிலம் மேற்கே சரிகிறது, மலை கிழக்கே நிற்கிறது. அப்படியிருந்தும் மலையாளிகள் மலை நிற்கும் திசையைக் கிழக்கு என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் மலைக்கு இப்பால் உருவாகி அங்கே சென்றது என்று கால்டுவெல் வாதிட்டார். மேற்கை மட்டும் அவர்கள் ஞாயிறு படியும் திசை என்ற பொருளில் படிஞ்ஞாறு என்று மாற்றிக்கொண்டார்கள். உங்கள் நோர்வூட்டைச் சுற்றிப் பெய்யும் மழையும் களனி கங்கையோடு சேர்ந்து மேற்கே இறங்கித்தான் கடலை அடைகிறது. உங்கள் தாயாருக்கு மேற்கு "பணிய" இருக்கிறது, அந்தத் திசையின் பெயருக்குள் "மேல்" இருக்கிறது. இந்த முரண்பாடு அவர் பேச்சில் எங்காவது வெளிப்படுகிறதா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

சீத்தா எலியவில் இருக்கும் சீதையம்மன் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றேன். ஓடையின் பாறையில் உள்ள குழிகள் அனுமனின் காலடிகள் என்றும், அங்குள்ள கறுத்த மண் இலங்கை எரிந்ததன் அடையாளம் என்றும் சொன்னார்கள். "இது வரலாறா, கதையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.
– ஆசிரியர், நுவரெலியா

பாறையில் குழி விழுவதற்கு நிலவியலில் எளிய விளக்கம் உண்டு. சுழித்தோடும் நீர் கற்களைப் பாறையின் மேல் வைத்து நெடுங்காலம் அரைப்பதால் வட்டக் குழிகள் தோன்றும். மண்ணின் கறுப்புக்குத் தீ மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை, மக்கிய இலைதழை மிகுந்த மண்ணும் கறுப்பாகவே இருக்கும். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் மாணவன் கேட்டதில் பாதிக்குத்தான் விடை கிடைக்கும். கதை அந்த இடத்தில் வந்து குடிகொண்டது ஏன் என்பது மீதிப் பாதி.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பது ஒரே சுவடு. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதமின் பாதம். கிறிஸ்தவர்களில் சிலர் தோமையாரின் பெயரைச் சொல்வதுண்டு. மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இபின் பதூதா 1344இல் அம்மலையில் ஏறியபோது ஆதமின் பாதத்தைத்தான் கண்டார். ஒரு சமூகம் தன் நினைவை ஒரு பாறையிலோ ஓடையிலோ பதித்துக்கொண்டால் அந்நினைவு நிலைக்கிறது என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொரிஸ் ஹல்ப்வாக்ஸ் விளக்கினார். பலஸ்தீனத்தின் கிறிஸ்தவத் தலங்களை ஆராய்ந்து 1941இல் அவர் எழுதிய நூலில், யாத்திரிகர்களின் எதிர்பார்ப்பே பல இடங்களுக்குப் பெயர் சூட்டியதையும், அந்தப் பெயர்கள் காலத்துக்குக் காலம் இடம் மாறியதையும் காட்டினார்.

இதனால் பழங்கதைகளில் மெய்யான நிகழ்ச்சியின் நினைவு தங்கவே தங்காது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அமெரிக்காவின் ஒறிகன் பகுதியில் மசாமா என்ற எரிமலை ஏறக்குறைய 7,700 ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்தது. அந்தப் பள்ளத்தில் இன்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. பாதாளத்தின் தலைவனும் வானத்தின் தலைவனும் நெருப்பை வீசிப் போரிட்டார்கள், கடைசியில் மலை பாதாளத் தலைவன்மீதே சரிந்தது, குழியை நீர் நிரப்பியது என்பது அங்கு வாழும் கிளமத் மக்களின் கதை. எரிந்து சரிந்து நீர் நிரம்பிய வரிசையைக் கதை சரியாகவே சொல்கிறது. அவர்களின் முன்னோர் அக்காலத்தில் அங்கே வாழ்ந்ததற்குச் சாம்பல் படிவின் அடியில் கிடைத்த பொருள்கள் சான்று. இவ்வகைக் கதைகளை ஆராயும் துறைக்குப் புவித்தொன்மவியல் என்று பெயர் சொல்லலாம்.

ஆகவே உங்கள் மாணவனுக்கு இரண்டு கேள்விகளைக் கற்றுக்கொடுங்கள். கதைக்கு வெளியே, கதையை அறியாத ஒரு சான்று, அதாவது மண்ணோ சாம்பலோ காலக்கணிப்போ, அதே செய்தியைச் சொல்கிறதா? அந்தக் கதை அந்த இடத்தில் எவ்வளவு காலமாகச் சொல்லப்படுகிறது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டா? கிளமத் கதை முதல் கேள்வியைத் தாண்டுகிறது. இராமாயணத்தை நம் மலைகளோடு இணைக்கும் செய்திகளை அகழ்வாய்வு எதுவும் இதுவரை உறுதிசெய்யவில்லை. இதைச் சொல்வதால் கோயிலின் புனிதம் குறையாது. அங்கே கைகூப்பும் தோட்டத்துப் பெண் மண்ணின் நிறத்தைச் சோதிக்க வரவில்லை. ஊரை விட்டுப் பிரிந்து அந்நிய மலையில் சிறையிருந்த ஒருத்தியின் துயரம், கடல் கடந்து இம்மலைகளுக்கு வந்தவர்களின் பேத்திகளுக்கு ஏன் இவ்வளவு நெருக்கமாயிற்று என்ற கேள்விக்கு நிலவியலிடம் விடை இல்லை. நம் சமூகத்தைப் பற்றி ஆராய்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் வழியில் என் பாட்டி வானத்தில் கார்த்திகைப் பெண்களைக் காட்டி, ஆறு பேர் என்று எண்ணச் சொல்வார். மேல்நாட்டார் அவர்களை ஏழு சகோதரிகள் என்கிறார்களே! ஆறா, ஏழா? சிந்துவெளி எழுத்திலும் இவர்கள் இருப்பதாகச் சொல்லப்படுவது உண்மையா?
– ஒரு வாசகர், பதுளை

என் மனத்துக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மழையும் மூடுபனியும் விலகிய தை, மாசி இரவுகளில் வெளியே நின்று எண்ணிப் பார்த்தால், சாதாரணக் கண்ணுக்கு ஆறுதான் தெரியும். கூரிய பார்வை உள்ளவர்கள் கூடுதலாகவும் காண்பார்கள். நம் பழைய நூல்கள் இதை ஆறு என்றே சொல்கின்றன. அகநானூற்றுப் பாடல் ஒன்று, முழுமதி "அறுமீன்" கூட்டத்தோடு சேரும் இரவில் தெருவெல்லாம் விளக்கேற்றும் விழாவைச் சொல்கிறது. நாம் இன்றும் ஏற்றும் கார்த்திகை விளக்கின் மிகப் பழைய குறிப்புகளுள் அது ஒன்று. யப்பானியக் கார் ஒன்றின் சின்னத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஆறு நட்சத்திரங்களும் இவைதாம். சுபாரு என்பது இந்தக் கூட்டத்தின் யப்பானியப் பெயர்.

கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள். ஆறுதானே தெரிகிறது என்பதை அவர்களும் அறிந்திருந்தபடியால், ஒருத்தி மறைந்துவிட்டாள் என்று கதை சொன்னார்கள். சகோதரிகளை ஒரு வேட்டைக்காரன் துரத்துகிறான். அவன்தான் ஓரியன் விண்மீன் கூட்டம். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலரிடமும் ஏழு சகோதரிகள், ஓரியனில் இருக்கும் ஆண், ஒருத்தி மறைந்திருப்பது என எல்லாமே இருக்கின்றன. ரே நொறிஸ் என்ற வானியலாளரும் அவருடைய மகனும் சில ஆண்டுகளுக்கு முன் துணிவான ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கார்த்திகைக் கூட்டத்தின் இரு விண்மீன்கள் இன்று மிக நெருங்கியிருப்பதால் ஒன்றுபோலத் தெரிகின்றன என்றும், ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை விலகியிருந்ததால் ஏழாகத் தெரிந்திருக்கும் என்றும், மனிதர் ஆபிரிக்காவை விட்டுப் புறப்படும் முன்பே இக்கதை பிறந்திருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

நினைக்கவே மெய்சிலிர்க்கும் கருத்துதான். இருந்தாலும் நான் இதை ஏற்கத் தயங்குகிறேன். கார்த்திகைக் கூட்டம் உதித்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குப் பின் ஓரியன் உதித்து, இரவு முழுதும் அதன் பின்னாலேயே போகிறது. சிறு ஒளிகளின் கூட்டம் ஒன்றைப் பெரிய உருவம் ஒன்று விடாமல் தொடர்வதை ஒவ்வோர் இரவும் காணும் மக்கள், எவரிடமும் கேளாமலே "துரத்துகிறான்" என்ற கதையைக் கட்டக்கூடும். ஏழு என்ற எண் ஏன் என்பதே விளங்காமல் எஞ்சுகிறது. இங்கே நம் கதை மிக முக்கியமான சாட்சி. மகாபாரதத்தின்படி, அக்கினியை அடைய விரும்பிய சுவாகா என்பவளால், சப்தரிஷிகளின் மனைவியர் எழுவருள் அறுவரின் உருவத்தை மட்டுமே எடுக்க முடிந்தது. கற்பின் வலிமையால் அருந்ததியின் உருவம் அவளுக்கு வாய்க்கவில்லை. பழி சுமந்து வெளியேற்றப்பட்ட அந்த அறுவரே வானில் கார்த்திகைப் பெண்களாகி முருகனுக்குத் தாய்மாராயினர். ஆகவே உங்கள் பாட்டியின் கணக்கிலும் ஏழில் ஒன்று குறைகிறது. நம் கதையில் அந்த ஒருத்தி காணாமற் போகவில்லை, வேறிடத்தில் கணவனோடு நிற்கிறாள். மூன்று கண்டங்களிலும் "ஏழில் ஒன்று குறைவு" என்ற கணக்கு இருப்பது நினைவின் தொடர்ச்சியா, எண்ணும் மனத்தின் பழக்கமா என்பதைத் தீர்மானிக்க, இக்கதைகளின் வழிவழி வடிவங்கள் இன்னும் நிறையத் திரட்டப்பட வேண்டும்.

சிந்துவெளிக்கு வருகிறேன். அங்குள்ள முத்திரைகளில் மீன் உருவம் அடிக்கடி வருகிறது. சிலவற்றில் அதன் முன்னே ஆறு கோடுகள், சிலவற்றில் ஏழு கோடுகள். தமிழில் மீன் என்பது நீரில் நீந்துவதையும் வானில் மின்னுவதையும் குறிக்கும் என்பதால், மீனை வரைந்து நட்சத்திரத்தைக் குறித்திருக்கலாம் என்று ஹேராஸ் பாதிரியார் சொன்னார். பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா அதை வளர்த்து, ஆறு கோடும் மீனும் அறுமீன், ஏழு கோடும் மீனும் எழுமீன், அதாவது சப்தரிஷி மண்டலம் என்று வாசித்தார். எழுமீன் என்ற சொல் நற்றிணையில் இருக்கிறது. இவ்வளவு அழகாகப் பொருந்தும் வாசிப்பு அத்துறையில் வேறு இல்லை என்றே சொல்வேன்.

அழகாகப் பொருந்துவதாலேயே அது நிறுவப்பட்டதாகாது. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட தொகுப்பின்படி அவ்வெழுத்துக்கு ஏறக்குறைய 400 குறிகள். ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகளே இருக்கின்றன. எகிப்திய எழுத்தைப் படிக்க ரொசெற்றாக் கல் உதவியதுபோல, இருமொழிக் கல் எதுவும் சிந்துவெளிக்குக் கிடைக்கவில்லை. அது மொழியைக் குறிக்கும் எழுத்தே அன்று என்று 2004இல் மூவர் வாதிட்டார்கள். குறிகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கு மொழிகளின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்று, மகாதேவனும் இடம்பெற்ற ஒரு குழு 2009இல் கணினிக் கணக்குகளோடு மறுத்தது. புதிரை விடுவிப்போருக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்திருக்கிறது. பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை.

எங்கள் தோட்டத்தில் பொன்னர் சங்கர் கூத்தை விடிய விடியப் பாடும் பெரியவருக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஒரு சொல்லும் பிசகாமல் பாடுவதாகச் சொல்கிறார். பட்டம் பெற்ற எங்களுக்கு நான்கு பாட்டு மனத்தில் நிற்பதில்லை. எப்படி இது? அதைப் பதிவுசெய்ய நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– இளைஞர் மன்றத்தினர், மஸ்கெலியா

1930களில் மில்மன் பெரி என்ற அறிஞர் யூகோஸ்லாவியாவுக்குச் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்களின் காவியங்களைத் தட்டுகளில் பதிவுசெய்தார். அவர்களில் ஒருவர் 1935இல் பாடிய கதை 12,000 அடிகளுக்கு மேல் நீண்டது. உங்கள் பெரியவரைப் போலவே அப்பாடகர்களும் "சொல்லுக்குச் சொல் அதேதான்" என்றார்கள். ஆனால் ஒரே ஆள் ஒரே கதையை இருமுறை பாடிய பதிவுகளை ஒப்பிட்டபோது, அடிகள் மாறியிருந்தன. பெரியின் மாணவர் அல்பர்ட் லோர்ட் இதை 1960இல் விரிவாக எழுதினார். பாடகரின் மனத்தில் கதையின் போக்கும், சந்தத்துக்குப் பொருந்தும் தொடர்களின் களஞ்சியமும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒவ்வொரு முறையும் கதையை அவர் புதிதாகக் கட்டுகிறார். "சொல்லுக்குச் சொல்" என்று அவர் சொல்வது பொய்யாகாது. எழுத்தறிந்த நாம் சொல் என்று நினைப்பது அச்சிட்ட சொல்லை, அவர் நினைப்பது பொருளும் சந்தமும் சேர்ந்த ஒரு தொடரை.

எழுத்தறிவு மூளையையே மாற்றுகிறது என்பதற்குச் சான்று உண்டு. உத்தரப்பிரதேசக் கிராமங்களில், படிக்கத் தெரியாத வயதுவந்தோருக்கு ஆறு மாதம் எழுத்துக் கற்பித்து, மூளையைப் படமெடுத்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. மேற்பட்டையில் மட்டுமின்றி, அதற்கு மிக ஆழத்தில் இருக்கும் பகுதிகளிலும் மாற்றம் தென்பட்டது. ஆனால் எழுத்தில்லாதவர் சிந்திக்கும் திறனில் குறைந்தவர் என்ற பழைய எண்ணத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1931இல் உஸ்பெக் விவசாயிகளிடம், "பனி மூடிய வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இந்தத் தீவு வடக்கில் இருக்கிறது, அங்குள்ள கரடி என்ன நிறம்?" என்று கேட்டார். "நான் கறுப்புக் கரடியைத்தான் பார்த்திருக்கிறேன், காணாததைப் பற்றிப் பேசுவதில்லை" என்ற வகையில் பதில் வந்தது. தர்க்கம் தெரியாததன் அடையாளமாக இதைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ இது, சாட்சியின்றிப் பேசாத ஒருவரின் பொறுப்பாகத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தின் விடுகதைக்கு விடை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை, அவ்வளவே. பின்னர் லைபீரியாவில் "வாய்" என்ற பெயருடைய இனத்தவரிடையே நடந்த ஆய்வும், எழுத்தின் விளைவு வேறு, பள்ளிக்கூடத்தின் விளைவு வேறு என்று பிரித்துக் காட்டியது.

உங்களிடம் இருக்கும் செல்வம் என்னவென்று சொல்கிறேன். பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து மீண்டும் மீண்டும் சொல்லச் செய்தார். அவர்களுக்குப் பழக்கமில்லாதவை உதிர்ந்துபோயின, பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று. அவர் அறைக்குள் செய்த சோதனையை வரலாறு நமக்குக் கடல் தாண்டிச் செய்துவைத்திருக்கிறது. பொன்னர் சங்கர் கதை கொங்கு நாட்டுக்கு உரியது. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் அங்கே அதை ஒலிப்பதிவு செய்தார். நம் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் அதைத் தலையில் சுமந்து இம்மலைகளில் ஏறினார்கள். எழுத்தின் துணையின்றி, பிரட்டுக்களமும் கொழுந்து மலையும் குளிரும் சூழ்ந்த புதிய உலகில், அக்கதையில் எது நிலைத்தது, எது உதிர்ந்தது, எது புதிதாக முளைத்தது? அங்குள்ள பதிவையும் உங்கள் பெரியவரின் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனித நினைவைப் பற்றி ஓர் அரிய விடை கிடைக்கும். காமன் கூத்துக்கும் அருச்சுனன் தபசுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

ஆகையால் முதலில் அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். கூத்து நடக்கும் இரவில், தப்பும் பார்வையாளரும் இருக்கும் இடத்தில் முழுவதையும் பதியுங்கள். தனியறையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் வேறொரு பாட்டுத்தான் கிடைக்கும். அடுத்த ஆண்டு அவரே பாடும்போது இன்னொரு முறை பதியுங்கள். இரண்டாம் பதிவு இல்லாமல் முதலாம் பதிவின் மதிப்பு பாதிதான். "பிழை" என்று தோன்றும் எதையும் திருத்தாமல் அவர் வாய்ச்சொல்லை அப்படியே எழுதுங்கள். யாரிடம், எந்தத் தோட்டத்தில், எந்த வயதில் கற்றார் என்று கேட்டுக் குறியுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை இணையவழி ஆவணகமான நூலகம் நிறுவனத்திடம் சேர்க்கலாம்.

இவற்றையெல்லாம் படிக்க வேண்டுமென்றால் எந்தப் பாடத்தை எடுக்க வேண்டும்?
– மாணவன், கம்பளை

ஒரு பாடம் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த சான்று ஒன்றைச் சொல்கிறேன். 1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துவிட்டார். கல்வெட்டில் வரும் "தேவானம்பிய பியதசி" எந்த அரசன் என்று அவருக்குத் தெரியவில்லை. இலங்கையில் அரச சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர், இங்குள்ள பாளி நூலான தீபவம்சத்தைக் கொண்டு, அவன் அசோகன் என்று காட்டினார். எழுத்தைப் படித்தவரும் கதையைப் படித்தவரும் சேர்ந்தபோதுதான் அப்பெயர் விளங்கியது.

களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை உண்டு, பேராதனையில் தமிழும் தொல்லியலும் உண்டு. எதை எடுத்தாலும் சிங்களத்தையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், பின்னர் பாளியையோ சமஸ்கிருதத்தையோ ஓரளவு கற்கலாம். கணிதத்தைக் கைவிட வேண்டாம், சொற்களின் வயதைக் கணிப்பவர்களுக்கு இன்று அது அன்றாடக் கருவி. அதற்கு முன்பாக ஒரு விடுமுறை நாளில் கம்பளையிலிருந்து புறப்பட்டு, பேராதனைப் பக்கம் இருக்கும் லங்காதிலக விகாரைக்குப் போய் வாருங்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. தமிழ்ப் பகுதியை வெறும் கண்ணால் எவ்வளவு படிக்க முடிகிறது என்று பாருங்கள். விளங்காத எழுத்துகளைத் தாளில் வரைந்து எடுத்துவந்தால் எனக்கு அனுப்புங்கள்.